பன்னிரண்டு விநாடி தூரம்

"பதிமூணு மணி நாப்பது நிமிஷம்," என்றான் மகன். "நேர் ஃப்ளைட். நடுவுல எங்கேயும் இறங்கல. வழி பூரா அழுதுக்கிட்டே வந்தேன்."

அழுத கண் மாதிரித்தான் இருந்தது. முப்பத்தெட்டு வயதுக்கு அந்தக் கண்களின் கீழே கருவளையம் கொஞ்சம் அதிகம். பக்கத்தில் அவன் தங்கை, பல் டாக்டர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பல்லைப் பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் காட்டுகிற பொறுமை அவள் முகத்தில் இருந்தது.

அவர்களுடைய அப்பா ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். எழுபத்திரண்டு வயது. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, நடந்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கியவர், வியாழக்கிழமை காலை பதினோரு மணி வரை திரும்பவில்லை. வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பையில் அவருடைய கைக்கடிகாரம் இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நர்ஸ் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள்.

"அப்பாவை எங்கே வெச்சிருக்கா, என்ன பண்ணினா, எதையும் சொல்ல மாட்டேங்கறா மேடம்," என்றாள் பல் டாக்டர். "நீங்க பேசி வாங்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மேடம் என்று அழைக்கப்பட்டவருக்கு ஊரில் வேறு பெயர். அறிவிப்பம்மா. விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து வருகை, புறப்பாடு, தாமதம் என்று மூன்றே விஷயங்களை உலகத்துக்குச் சொன்னவர். அதில் முக்கால்வாசி தாமதம். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எத்தனையோ பொய்களைத் தேன் தடவிச் சொல்லிப் பழகிய தொண்டை அது. அதனால் அடுத்தவர் சொல்லும் பொய் அவர் காதில் தனியாகக் கேட்கும். ஓய்வுக்குப் பிறகு அதையே தொழிலாக வைத்துக்கொண்டார்.

அவருடைய உதவியாளர் லக்கேஜ், அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவர். ஐம்பது வயதில் முதுகு போய்விட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது வாசல் ஓரத்தில் நின்ற மகனின் நீலப் பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, குழந்தையைப் பார்ப்பதுபோல அதன் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி எப்ப போன் பண்ணாங்க?" என்று கேட்டார் அறிவிப்பம்மா.

"திங்கக்கிழமை. இங்க காலைல பதினோரு மணி. எனக்கு அங்க விடிகாலை ரெண்டு. விழுந்தடிச்சுக் கிளம்பினேன்."

"வீட்டுக்குள்ள நுழைஞ்சது?"

"செவ்வாய் காலைல ஆறு மணி," என்றாள் தங்கை. "பாவம், பல்லுகூட விளக்காம வந்து நின்னான்." அவளுக்கு அது பெரிய தியாகம்.

"மொத்தம் பத்தொன்பது மணி நேரம். நல்ல வேகம்," என்றார் அறிவிப்பம்மா. "ஃப்ளைட்ல சாப்பாடு எப்படி?"

"சாப்பிடவே இல்ல."

"ஜன்னல் சீட்டா?"

"ஆமா... இல்ல. நடு சீட்டு."

"நடு சீட்ல பதிமூணு மணி நேரம் அழுதீங்கன்னா, ரெண்டு பக்கமும் உக்காந்தவங்க பாவம்," என்றார் லக்கேஜ் பெட்டியிடமிருந்து தலை தூக்காமல்.

அறிவிப்பம்மா தேடுவதற்கு ஒரு புகைப்படம் கேட்டார். பல் டாக்டர் தன் போனிலிருந்து ஒன்றை அனுப்பினாள். ஆறு வருஷத்துக்கு முன் மகனை வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில் எடுத்தது. மகன் புதுக் கோட்டில் விறைத்து நின்றான். அவன் தோளில் கை போட்டிருந்த வாத்தியாரின் இடது மணிக்கட்டில் இரண்டு கைக்கடிகாரங்கள்.

"ஒண்ணு இங்கத்து மணி, ஒண்ணு அண்ணனோட ஊர் மணி," என்றாள் அவள். "அன்னைக்கு ஏர்போர்ட்லயே கட்டினார். குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டார்."

மாடிப்படி இறங்கும்போது லக்கேஜ் பொறுக்க முடியாமல் சொன்னார். "மேடம், அந்தப் பெட்டி பறந்ததே இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"நாங்க தூக்கிப் போட்ட போட்டுல தப்பிச்ச பெட்டி உலகத்துலயே கிடையாது. மூலையில ஒரு நசுங்கலாவது இருக்கும். கைப்பிடியில டேக் ஒட்டின பிசுபிசுப்பு இருக்கும். இது கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. சக்கரத்துல கடையில சுத்தின பிளாஸ்டிக்கே இன்னும் பாதி இருக்கு."

அறிவிப்பம்மா போனில் எதையோ தட்டி அவரிடம் நீட்டினார். இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைப் போட்டால் இடைப்பட்ட தூரம் சொல்லும் இணையப் பக்கம். பதினோராயிரத்து இருநூறு கிலோமீட்டர். பயண நேரம் பதின்மூன்று மணி நாற்பது நிமிடம்.

"அட, அவர் சொன்னது சரியாத்தானே இருக்கு?"

"அச்சு அசலா சரியா இருக்கு. அதான் தப்பு. எந்த ரெண்டு ஊரைப் போட்டாலும் இது ஒரு கோடு கிழிக்கும், வேகத்தால வகுக்கும், ஏறி இறங்க அரை மணி சேர்த்துக்கும். அந்தக் கோட்டுல ப்ளேன் ஓடுதான்னு இதுக்குக் கவலையே இல்ல. இங்கேருந்து அந்த ஊருக்கு நேர் ஃப்ளைட் கிடையாதுய்யா. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அறிவிச்சதில்ல. இப்ப போன்லயே இன்னைக்கு அட்டவணையையும் பார்த்துட்டேன். ரெண்டு இடத்துல மாறணும். எவ்வளவு ஓடினாலும் இருபத்தஞ்சு மணி நேரம்."

லக்கேஜ் படியிலேயே நின்றுவிட்டார். "அப்ப, போன் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான்! அப்பா காணாமப் போறதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல வந்து ஒளிஞ்சிருக்கான். பெத்த அப்பனை என்னமோ பண்ணிட்டு, புதுசா பெட்டி வாங்கித் தள்ளிக்கிட்டு வந்து நிக்கறான். கேஸ் முடிஞ்சுது மேடம். டீ சாப்பிடலாமா?"

"முதல்ல நர்ஸைப் பார்ப்போம்."

இன்ஸ்பெக்டரின் கடைவாய்ப் பல்லுக்குச் சென்ற மாதம் வைத்தியம் பார்த்தவள் பல் டாக்டர்தான். நர்ஸைப் பிடித்த வேகத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் வலது பக்கமாகவே மென்றபடி வரவேற்றார்.

"வாங்க மேடம். கேஸ் தெளிவா இருக்கு. திருட்டு, ஆள் கடத்தல். கொலையா மாறுமான்னு பெரியவர் கிடைச்சாத்தான் தெரியும். வாட்ச் அவளுக்கு அவரே குடுத்தாராம். 'எனக்கு இனிமே வேண்டாம்'னாராம். யாராவது அப்படிக் குடுப்பாங்களா?"

"ரெண்டு வாட்ச்ல எது?"

இன்ஸ்பெக்டர் மெல்வதை நிறுத்தினார். அந்தக் கேள்வி மூன்று நாளாக அந்த ஸ்டேஷனில் யாருக்கும் தோன்றவில்லை. உறையைக் கொண்டுவரச் சொன்னார். மேலே 'பழுதடைந்த கைக்கடிகாரம் 1' என்று எழுதியிருந்தது.

"பழுதுன்னு எப்படி?"

"தப்பா மணி காட்டுது மேடம். பாருங்க, இப்ப மதியம் ஒண்ணு இருபது. அது நாலு இருபது காட்டுது."

"அது தப்பில்ல. மகன் இருக்கிற ஊர்ல இப்ப விடிகாலை நாலு இருபது," என்றார் அறிவிப்பம்மா.

"பொருள் சரியா இருக்கு, எழுதினதுதான் பழுது," என்றார் லக்கேஜ். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்த பார்வையில் வலப்பக்கப் பல்லும் வலித்திருக்கும்.

நர்ஸ் பின்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். இரண்டு நாளாகத் தலை வாரவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை ஒழுங்காக மடித்துப் போட்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நீங்களும் கேக்க வந்தீங்களா? கேளுங்க. சொன்னதையேதான் சொல்லுவேன்."

"வாட்சை எப்பக் குடுத்தார்?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. டாக்டரம்மாவோட அண்ணன் போன் பண்ணி முடிச்சப்புறம்."

"போன்ல என்ன நடந்தது? முழுசாச் சொல்லும்மா."

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழுதாகச் சொல் என்று அங்கே இதுவரை யாரும் கேட்கவில்லை.

"ஒம்பது மணி இருக்கும். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. சார் ஜன்னல் பக்கம் உக்காந்து பேசிட்டிருந்தார். டாக்டரம்மா அவங்க ரூம்ல இருந்தாங்க. எப்பவும் போல ஸ்பீக்கர்லதான் பேசுவார், காது கொஞ்சம் மந்தம். அண்ணன் 'இங்க நல்ல வெயில்ப்பா, மத்தியானம்'னு சொல்லிட்டிருந்தார். ஜன்னல்ல பளீர்னு ஒரு மின்னல். அதே நேரத்துல போன்ல டமார்னு ஒரு சத்தம். காதே அடைச்சுப் போச்சு. அண்ணன் 'ஒண்ணுமில்லப்பா, அலமாரி விழுந்துடுச்சு'ன்னார்."

"அப்புறம்?"

"சார் பதிலே பேசல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண ஆரம்பிச்சார். எனக்குப் பயமாப் போச்சு, மறுபடி பக்கவாதம் வருதோன்னு. பன்னெண்டு வரைக்கும் எண்ணினார். அப்பதான் நம்ம வீட்டு மேல இடி உருண்டுச்சு. 'சரிப்பா, அலமாரியைத் தூக்கி வை'ன்னு சொல்லி போனை வெச்சார். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்தார். அப்புறம் ஒரு வாட்சைக் கழட்டி என் கையில குடுத்தார். 'நீ வெச்சுக்கோ. எனக்கு இனிமே ஒரு மணி போதும்'னார். மறுநாள் காலைல நான் மாத்திரை எடுத்து வெச்சிட்டிருக்கேன், நடந்துட்டு வரேன்னு போனவர்தான்."

"இதை இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'அன்று இரவு இடியுடன் மழை'ன்னு எழுதிக்கிட்டார்."

அறிவிப்பம்மா எழுந்துகொண்டார். "மின்னல் தெரிஞ்சது எந்த ஜன்னல்?"

"கிழக்கு ஜன்னல். ரயில் தண்டவாளம் நேரா தெரியும். அதுக்கு மேலதான் வெட்டுச்சு."

வெளி அறைச் சுவரில் ஊரின் வரைபடம் மாட்டியிருந்தது. அறிவிப்பம்மா இன்ஸ்பெக்டரின் மேசையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். வாத்தியாரின் வீடு இருந்த இடத்தில் ஒரு முனையை வைத்து, ரயில் தண்டவாளத்தோடு கிழக்கே நகர்த்தி, ஒரு கட்டடத்தின் மேல் விரலை வைத்தார்.

"என்ன மேடம், பள்ளிக்கூடமா நடக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா. வாத்தியார் நடத்தின பாடம்தான். நீங்க எங்கேயும் போகாதீங்க."

ஸ்கூட்டரில் போகும்போது லக்கேஜ் கேட்டார். "எனக்கு ஒண்ணும் புரியல. இடி விழுந்ததுக்கும் வாட்சைக் கழட்டினதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூணு செகண்ட் ஆகும். பன்னெண்டு செகண்டுக்கு?"

"நாலு கிலோமீட்டர்."

"மின்னல் விழுந்தது வீட்டுக்குக் கிழக்கே நாலு கிலோமீட்டர்ல. அந்தச் சத்தம் மகனோட போன்ல எப்பக் கேட்டது?"

"மின்னின உடனேயே..." லக்கேஜ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். "அப்படின்னா மின்னலுக்குக் கீழயே அவன் நின்னிருக்கான்! ஞாயித்துக்கிழமையே இங்க இருந்திருக்கான். நான் அப்பவே சொன்னேன்ல, முன்னாடியே வந்துட்டான்னு!"

"எத்தனை நாள் முன்னாடின்னு போய்க் கேப்போம். வண்டியை எடு."

அவர் விரல் வைத்த இடத்தில் பழைய நூல் மில் ஒன்று இருந்தது. இப்போது அதே இடத்தில் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது; அந்தப் பக்கத்தில் இரவு முழுக்க விளக்கு எரிகிற ஒரே கட்டடம். வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலின் ஷூவைக் கழற்றிக் காற்று வாங்க விட்டிருந்தார்.

அறிவிப்பம்மா போனில் படத்தைக் காட்டினார். "இந்தப் பெரியவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கே வந்துட்டார். உள்ள போகணுமான்னு கேட்டேன், வேண்டாம், வெளிய வர்றவரைப் பார்க்கணும்னார். எட்டு மணிக்கு நைட் ஷிஃப்ட் விட்டாங்க. பக்கத்துல நிக்கறார் பாருங்க, இவர் வெளிய வந்தார்." காவலாளியின் விரல் படத்தில் கோட்டு போட்ட மகன்மேல் இருந்தது. "பெரியவரைப் பார்த்துட்டு அப்படியே மரம் மாதிரி நின்னுட்டார். பெரியவர் கோவப்படவே இல்ல. 'பிரயாணம் எல்லாம் சௌகரியமா?'ன்னு கேட்டார். ரெண்டு பேரும் நடந்து போனாங்க."

"இவர் இங்க எத்தனை நாளா வர்றார்?" என்றார் லக்கேஜ். "ஒரு வாரமா? பத்து நாளா?"

"நாளா? அஞ்சு வருஷமா இங்கதான் வேலை பார்க்கறார். நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்தார்."

லக்கேஜின் வாய் திறந்தது. அவருடைய வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து எதுவும் வரவில்லை.

"அவர் வெளிநாட்டுல இருக்கறதா வீட்ல சொல்றாங்க," என்றார் அறிவிப்பம்மா.

காவலாளி ஷூவை மாட்டிக்கொண்டார். "உள்ள போயிட்டா எல்லாரும் வெளிநாடுதாம்மா. அந்த ஊர் ஆளுங்க போன் பண்ணுவாங்க, வாஷிங் மெஷின் சுத்தல, பில் தப்பா வந்திருக்குன்னு. இவங்க பதில் சொல்லணும். சுவர்ல அந்த ஊர் கடிகாரம், டி.வி.யில அந்த ஊர் வானிலை. ஆளுக்கு ஒரு அந்த ஊர்ப் பேரு வேற. காலைல எட்டு மணிக்கு இந்த கேட்டைத் தாண்டினா மறுபடி நம்ம ஊரு. இவர் ரூம் பின்னாடி ரெண்டாவது தெருவுலதான். சைக்கிள் கடை மாடி."

இரண்டாவது தெருவை நோக்கி நடக்கும்போதுதான் லக்கேஜுக்குக் குரல் திரும்பியது. "மேடம், இவனை நான் கொலைகாரன்னு நெனச்சேன். இவன் வெறும் கோழையா?"

"கோழைங்களாலதான் எனக்குத் தொழில் நடக்குது. மாடிக்கு ஏறு."

கதவைத் திறந்தவர் வாத்தியாரேதான். கையில் பாதி கடித்த ரொட்டி. மணிக்கட்டில் ஒரே கடிகாரம். அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒற்றை அறை, கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, பகலிலும் இருட்டாக்கும் கனத்த திரை. பூட்டு எதுவும் இல்லை. யாரும் அவரை அடைத்து வைக்கவில்லை.

"பொண்ணு அனுப்பினாளா, பையன் அனுப்பினானா?" என்று கேட்டார்.

"நீங்க எண்ணின பன்னெண்டு செகண்ட் அனுப்பிச்சது," என்றார் அறிவிப்பம்மா.

வாத்தியாரின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். சரியாக விடை சொன்ன மாணவனைக் கண்ட வெளிச்சம். "நாலு கிலோமீட்டர் சரியா வந்துதா?"

"மூணே முக்கால்."

"காத்து எதிர்த் திசையில இருந்திருக்கும்," என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அந்த வெளிச்சம் போய்விட்டது.

அவர் சொன்னது இதுதான். மகன் போனது உண்மை. எட்டாவது மாதம் வேலை போய்விட்டது. அப்போது ஒரு நாள் போனில், 'அப்பா, இங்க சரிப்படல, வந்துடட்டுமா' என்று கேட்டான். "நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உன்னை வழியனுப்ப இருபத்தேழு பேர் ஏர்போர்ட் வந்தாங்க. எந்த மூஞ்சியோட திரும்பி வருவே'ன்னேன். மறுநாள் போன் பண்ணி, வேற வேலை கிடைச்சிடுச்சுப்பான்னான். நான் போய் மாடி மாடியா சொன்னேன். அவன் திரும்பி வந்து அஞ்சு வருஷம் இந்தத் திரைக்குப் பின்னால பகல்ல தூங்கியிருக்கான். கேமரா கெட்டுப் போச்சு, லீவு கிடைக்கலன்னான். எல்லாத்தையும் நம்பினேன். பூகோளம் படிச்சவன் சார் நான். அந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்." பதற்றத்தில் லக்கேஜைப் பார்த்து சார் என்றார்.

"சரி, கண்டுபிடிச்சீங்க. ஏன் வீட்டுக்குப் போகல?"

"நீயா உன் தங்கச்சிகிட்ட உண்மையைச் சொல்லு, சொல்லிட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ, அதுவரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்னு உக்காந்துட்டேன். அப்பதான் பொண்ணு போன் பண்ணினா, அப்பாவைக் காணோம்னு. நான் எதிர்ல உக்காந்திருக்கேன். இவன் போன்ல 'ஐயோ, நான் உடனே கிளம்பி வரேன்'ங்கறான்! அவ்வளவு பழக்கம். அன்னைக்கு சாயந்திரமே ஒரு பெட்டி வாங்கினான், மறுநாள் விடிகாலைல தள்ளிக்கிட்டுப் போனான். தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவான். நாளைக்குச் சொல்றேன்பான்."

"நர்ஸைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"அவளுக்கு என்ன? நல்லா இருக்காளா? ரெண்டு மூணு நாள் நான் இல்லாம ஓய்வா இருப்பா."

அறிவிப்பம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். விமானம் ரத்து என்று சொல்வதற்கு வைத்திருந்த நிதானமான குரல் வந்தது.

"சார், நீங்க குடுத்த வாட்ச் அவ பையில இருந்தது. உங்களை என்னமோ பண்ணிட்டான்னு மூணு நாளா ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க. கை காட்டினது உங்க பொண்ணு. பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தது உங்க பையன்."

ரொட்டி வாத்தியாரின் கையிலிருந்து விழுந்தது.

"அவன்... என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க எழுந்து ஓடியிருப்பீங்க. அது அவனுக்குத் தெரியும். அவனை மட்டும் சொல்லலை சார். மகன் எங்க இருக்கான்னு கண்டுபிடிக்க உங்களுக்குப் பன்னெண்டு செகண்ட் போதும். ஆனா வீட்ல ராப்பகலா மாத்திரை எடுத்துக் குடுக்கறவகிட்ட எங்கே போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல அஞ்சு செகண்ட் கிடைக்கல. உங்க குடும்ப கௌரவத்தை யார் சுமந்துட்டு பெஞ்சில உக்காந்திருக்கான்னு வந்து பாருங்க."

வாத்தியார் செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது. இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்து லக்கேஜ் எடுத்தார். அதற்குள் அவர் ஒற்றைச் செருப்போடு படி இறங்க ஆரம்பித்திருந்தார்.

நான்கு மணிக்கு எல்லாரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். பல் டாக்டர் கிளினிக் அங்கியோடு ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகன் அவள் பின்னால் வந்து, அப்பாவைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"எப்படிப்பா? எங்கேப்பா இருந்தீங்க?"

"உன் அண்ணன் வீட்ல."

"அப்பா, அண்ணன் இருக்கறது வெளிநாட்டுல..."

"அதை அவன்கிட்டயே கேளு."

அவன் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, பாதி வார்த்தையை முழுங்கி, ஐந்து வருஷத்தை ஐந்து நிமிஷத்தில் சொன்னான். பல் டாக்டர் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"போன மாசம்கூட அங்க பனி கொட்டுதுன்னியே! நான் கம்பளி ஸ்வெட்டர் அனுப்பட்டுமான்னு கேட்டேனே!"

"அங்க நிஜமாவே பனிதான் கொட்டிச்சு. ஆபீஸ் டி.வி.யில பார்த்தேன்."

"மூணு நாளா இந்த அம்மா உள்ள இருக்காங்களே, அது எந்த டி.வி.யிலயும் வரலையா?" என்றார் லக்கேஜ். கிண்டலுக்கு எப்போதும் வரும் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"நாளைக்குச் சொல்லிடலாம்னு..." என்றான் மகன்.

இன்ஸ்பெக்டர் தானே போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார். நர்ஸ் தன் பையோடு வெளியே வந்தாள். வாத்தியாரைப் பார்த்ததும் ஒரு விநாடி அவள் தோள் தளர்ந்தது. கிட்டே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்த்து, விட்டாள்.

"மூணு நாளா மாத்திரை போடல. தெரியுது. டாக்டரைப் போய்ப் பாருங்க."

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார் வாத்தியார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்," என்றாள் பல் டாக்டர். காலை வரை அவள் வாயில் 'அவ'வாக இருந்த நர்ஸ், மதியத்துக்கு மேல் சிஸ்டர் ஆகியிருந்தாள். "பதட்டத்துல சொல்லிட்டேன். ரொம்ப ஸாரி. நாளையிலேருந்து எப்பவும் போல வந்துடுங்க."

மகனும் கை கூப்பினான். "நானும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

நர்ஸ் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"வேலைக்கு வர மாட்டேன். அது முடிஞ்சுது. ஏஜென்சியில என் பேரை அடிச்சுட்டாங்களாம், நேத்து என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அதை இன்ஸ்பெக்டர் சார் எழுதிக் குடுத்துச் சரி பண்ணுவார்."

இன்ஸ்பெக்டர் வேகமாகத் தலையாட்டினார்.

"மன்னிப்பு கேக்கறதுன்னா இங்க வேண்டாம். இங்க யார் இருக்கா? என்னை வண்டியில ஏத்தினது இங்க இல்ல. உங்க மாடிப்படியில. சாயந்திரம் ஆறு மணி, எல்லாரும் வேலை முடிஞ்சு வர்ற நேரம். ஆளுக்கு ஒரு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. மூணாவது மாடி அம்மா, ரெண்டு தடவை நடு ராத்திரியில அவங்க புள்ளைக்கு நான் ஊசி போட்டிருக்கேன், என்னைப் பார்த்து 'திருடி'ன்னாங்க. அங்க வந்து சொல்லுங்க. அதே படியில. அதே நேரத்துல."

"எல்லார் முன்னாடியுமா?" மகனின் குரல் இறங்கியது. "அவங்களுக்கெல்லாம் நான் வெளிநாட்டுல..."

"ஆமா. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

மகன் அப்பாவைப் பார்த்தான். வாத்தியார் மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "நானும் கூட நிக்கறேன். மாடி மாடியா பெருமை அடிச்சது நான்தானே."

ஆறு மணிக்குப் படிக்கட்டில் நல்ல கூட்டம். காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. கீழ்த்தளத்துக்காரர் ஆபீஸ் பையைக்கூட இறக்கவில்லை. நர்ஸ் முதல் தளத்தில், சுவரில் சாய்ந்து, பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாத்தியாரும் பல் டாக்டரும் இரண்டாவது தளத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்கள். நடுப்படியில் மகன்.

அறிவிப்பம்மாவும் லக்கேஜும் வாசலில் நின்று மேலே பார்த்தார்கள். "மைக் வேணுமான்னு கேளுங்க மேடம்," என்று முணுமுணுத்தார் லக்கேஜ். அறிவிப்பம்மா அவர் காலை மிதித்தார்.

மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஐந்து வருஷமாக முகம் தெரியாத ஊர்க்காரர்களிடம் இரவெல்லாம் மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்கியவன், தெரிந்த முகங்களைப் பார்த்ததும் வார்த்தை கிடைக்காமல் தடுமாறினான்.

"இவங்க எதையும் திருடல," என்றான். "வாட்ச் அப்பாவா குடுத்தது. அப்பா என்கூடத்தான் இருந்தார். எனக்குத் தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. நான் வெளிநாட்டுலயும் இல்ல. அஞ்சு வருஷமா இதே ஊர்லதான் இருக்கேன். நாலு கிலோமீட்டர்ல."

யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடிந்தது என்ற நினைப்பில் நர்ஸைப் பார்த்தான்.

நர்ஸ் தலையை நிமிர்த்தி, படிகளின் இடைவெளி வழியாக மேலே பார்த்தாள். அங்கே ஒரு கதவு மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "மூணாவது மாடிக்குக் கேக்கல."